தம்பியின் பாஸ்போர்ட்

உங்கள் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை யாரோ வேறு நிற நூலில் தைத்திருக்கிறார்கள், ஐயா. குறை சொல்லவில்லை. காலமெல்லாம் திரைச்சீலை தைத்துப் பிழைப்பவள் நான், கண் அங்கேதான் போகிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் தம்பியை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவனுக்கு முன்பல்கூட முளைத்திருக்கவில்லை. அவனுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நான் அதைச் சொல்லிக்காட்டியதே கிடையாது. அவன் என்னை எதிர்த்துப் பேசும்போது மட்டும் லேசாக ஞாபகப்படுத்துவேன். லிஃப்ட் மெக்கானிக், படு கெட்டிக்காரன். ஓய்வு கிடைத்தால் என் கடை வேனையும் அவன்தான் ஓட்டுவான்.

ஒருநாள் சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"அக்கா, வெளிநாட்டுல வேலை கெடைச்சிருக்கு. விசாவும் வந்துடுச்சு."

"இதெல்லாம் எப்போடா நடந்துச்சு?"

"முன்னாடியே சொன்னா நீ அழுவேன்னுதான்..."

நான் அழவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். விசா வரும்வரை மூச்சு விடாதவன் வேறு என்னென்ன மறைக்கிறானோ என்றுதான் தோன்றியது. அதன்பிறகு அவன் போனில் சிரித்தால் காது கொடுத்துக் கேட்டேன், குளிக்கப் போனால் பையைத் துழாவினேன். எனக்குச் சந்தேகப் புத்தி கிடையாது, அவன்தான் பழக்கினான்.

எங்கள் மாடியில் ஒரு வக்கீல் குடியிருக்கிறார். அவர் ஜன்னலுக்குத் திரை மாட்டும்போது பேச்சுவாக்கில் கேட்டேன், கிரிமினல் கேஸ் இருந்தால் ஒருவர் வெளிநாடு போகலாமா என்று.

"அவ்வளவு சுலபமில்லம்மா. ஜாமீன் குடுக்கறப்பவே பாஸ்போர்ட்டை ஒப்படைன்னு கோர்ட்ல சொல்லலாம். அப்புறம் அனுமதி கேட்டு நடையா நடக்கணும்."

"கேஸ் எப்போ முடியும்?"

அவர் சிரித்துவிட்டார். "வாய்தா மேல வாய்தா வாங்குனா, இப்போதைக்கு முடியாது."

அவருக்கு ஒரு திரையை இலவசமாகவே தைத்துக் கொடுத்தேன்.

சில நாட்களில் விபத்து நடந்தது. தம்பி வேனை ஓட்டினான், பக்கத்தில் நான். சரிவில் இறங்கிய வண்டி, மூடியிருந்த ஒரு கடைச் சுவரில் மோதியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் அங்கேயே இறந்துபோனார். தம்பிக்கு நெற்றியில் அடி. அந்த நிமிடம் மட்டும் அவன் நினைவிலிருந்து அழிந்துவிட்டது.

"அக்கா, நான் பிரேக் போட்டேனா?"

"பதட்டத்துல வண்டிய திருப்பிட்டேடா. விடு, அக்கா இருக்கேன்."

தம்பி மேல் வழக்குப் பதிவானது, ஜாமீன் கிடைத்தது, பாஸ்போர்ட் நீதிமன்றத்துக்குப் போனது. கண்ணால் கண்ட ஒரே சாட்சி நான். என் முறை வரும்போதெல்லாம் உடம்புக்கு ஏதாவது வந்து தொலைக்கும், வழக்கு தள்ளிப்போகும். அவனுக்காக வாதாடிய மாடி வக்கீலே ஒருமுறை என்னை உற்றுப் பார்த்தார்.

"கோர்ட்டுக்குப் போற அன்னிக்கே எப்படிம்மா கரெக்டா காய்ச்சல் வருது?"

அவர் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தம்பிக்கு வேண்டாத விஷயங்களைச் சொல்லிக்கொடுக்கிறாரோ என்று அவன் மாடிக்குப் போவதையே நிறுத்தினேன். வெளிநாட்டு வேலை வேறு ஒருவருக்குப் போனது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைத் தொடவே மாட்டான். நான் பிசைந்து ஊட்டுவேன், சின்னப்பிள்ளை போல வாயைத் திறப்பான். அந்தச் சில வருடங்கள்தான் எங்கள் வீட்டில் நிம்மதியான காலம், ஐயா.

நேற்று அவன் சொன்னான்.

"குற்றத்தை ஒத்துக்கப் போறேன்க்கா. தண்டனைய அனுபவிச்சுட்டு போயிடறேன். செத்தவரோட பொண்ணு மூஞ்சிய கோர்ட்ல பார்க்க முடியல."

"எங்கடா போவே?"

"எங்கயாவது. இங்கேர்ந்து போனா போதும்."

கேஸ் முடிந்தால் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். அதனால்தான் விடிந்ததும் உங்களைத் தேடி வந்தேன்.

ஸ்டீயரிங்கை இழுத்தது நான். தம்பி பிரேக் போட்டான், நன்றாகவே போட்டான். கடிகாரக்காரரைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தேன். கையை எடுக்க நேரமும் இருந்தது. வெறும் சுவர் என்றால் அபராதம் கட்டச் சொல்லி விட்டுவிடுவார்களே என்று பட்டது.

செய்யாத குற்றத்துக்குத் தம்பி சிறைக்குப் போவதை எந்த அக்காதான் பார்த்துக்கொண்டிருப்பாள்? என் மேல் வழக்குப் போடுங்கள், எவ்வளவு காலம் இழுத்தாலும் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள். வேனில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், ஆகவே இனி அவன்தான் சாட்சி. என் வழக்கு முடிகிறவரை அவன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.