கண்ணால சிரி

லீடர்: நில்லு, நில்லு! எங்க நழுவற? காலையில எல்லாருக்கும் ஒத்திகை நடந்துச்சே, நீ எங்க போன?

முகமூடி: நானா சார்? பாத்ரூமுக்கு...

லீடர்: டோக்கன் வாங்கினியா?

முகமூடி: பாத்ரூமுக்கு டோக்கனா? அப்படின்னா?

லீடர்: ஆகா! நாளைக்கும் இதே மாதிரி கேளு. அந்த முழிகூட அப்படியே இருக்கட்டும். நாளைக்கு ஒரு நாள் இங்க டோக்கனே கிடையாது.

முகமூடி: நாளன்னைக்கு?

லீடர்: நாளன்னைக்கு டோக்கன் இல்லாம போய்ப் பாரு, தெரியும். எந்த ரூம் நீ? உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் வெள்ளை உறை. கண்ணு மட்டும்தான் தெரியுது. என் வீட்டுக்காரியே எதிர்ல வந்தாலும் வழி விட்டுட்டுப் போயிடுவேன்.

முகமூடி: துடைக்கிற ரூம் சார்.

லீடர்: போன் கண்ணாடி துடைக்கிறவளா? எத்தனை மாசமா?

முகமூடி: ஆறு... ஏழு மாசமா.

லீடர்: ஏழு மாசமா? ம்... சரி, இந்தா பேட்ஜ். நாளைக்கு எல்லாரும் நெஞ்சுல குத்திக்கணும். 'நான் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேன்'னு போட்டிருக்கு. குத்திக்க ஒரு குண்டூசி... அடச்சே, விழுந்துடுச்சு. எடும்மா.

முகமூடி: இந்தாங்க சார்.

லீடர்: அட, சட்டுனு எடுத்துட்டியே!

முகமூடி: என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

லீடர்: ஒண்ணுமில்ல. உக்காரு. காலையில எல்லாருக்கும் மேலோட்டமாத்தான் சொன்னேன். உனக்கு மட்டும் விலாவாரியா சொல்லித் தரேன். முதல்ல, சார்னு கூப்பிடாதே. அண்ணேன்னு கூப்பிடு. நாளைக்கு இங்க எல்லாரும் ஒரே குடும்பம்.

முகமூடி: சரிங்கண்ணே.

லீடர்: போன் கம்பெனிக்காரங்க அனுப்பற அம்மா ஒருத்தங்க சோதனைக்கு வராங்க. அவங்க முகம் சுளிச்சா ஆர்டர் போயிடும். நீ ஒரு வார்த்தை உளறினா போதும், என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க. விளையாட்டு இல்ல, புரியுதா?

முகமூடி: புரியுதுண்ணே.

லீடர்: இப்ப நான்தான் அந்த அம்மா. ம்க்கும்... "உன் பணி நேரம் எவ்வளவு, பெண்ணே?"

முகமூடி: அந்த அம்மா ஏண்ணே மூக்கால பேசறாங்க?

லீடர்: படிச்சவங்க அப்படித்தான் பேசுவாங்க. நீ பதில் சொல்லு.

முகமூடி: பன்னெண்டு மணி நேரம்...

லீடர்: எட்டு!

முகமூடி: மீதி நாலு?

லீடர்: அது நாமளா ஆசைப்பட்டு நிக்கிறது. வீட்டுக்குப் போன்னு விரட்டினாலும் போக மாட்டேங்கறோம். அழாம சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொல்லு.

முகமூடி: முகமூடி போட்டிருக்கேனேண்ணே, சிரிச்சா எப்படித் தெரியும்?

லீடர்: கண்ணால சிரி.

முகமூடி: இப்படியா?

லீடர்: இது தூசி விழுந்த கண்ணு மாதிரி இருக்கு. சரி, தேறிடுவ. அடுத்தது... "தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவாய்?"

முகமூடி: எந்த வழியாண்ணே?

லீடர்: ஏழு மாசமா இருக்க, கதவு எங்கன்னு தெரியாதா?

முகமூடி: தலை நிமிர்ந்து பாத்தா திட்டுவீங்களே...

லீடர்: அதுவும் சரிதான். மேற்குச் சுவரு ஓரமா ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டி அடுக்கியிருக்குல்ல? அதுக்குப் பின்னால ஒரு கதவு உண்டு. பூட்டியிருக்கும். சாவி செக்யூரிட்டிகிட்ட. அவரு சாப்பிடப் போயிருப்பாரு.

முகமூடி: நெஜமாவே தீப்பிடிச்சா?

லீடர்: நாளைக்கு எப்படிப் பிடிக்கும்? நாளைக்குத்தான் சோதனையாச்சே!

முகமூடி: டாக்டர், நர்ஸ் யாராவது...?

லீடர்: நர்ஸ் ரெடி. கேன்டீன் அக்காவுக்கு வெள்ளைக் கோட்டு தெச்சாச்சு. காலையில ஒத்திகையில, "ரத்த அழுத்தம் பாருங்க"ன்னு கையை நீட்டினேன். அந்தக்கா, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"ன்னு கேக்குது.

முகமூடி: ஹி... ஹி...

லீடர்: ஆ! இப்பத்தான் கண்ணு சிரிக்குது. நாளைக்கும் இதையே நெனச்சுக்கோ. சரி... இரு, வாக்கிடாக்கி கத்துது.

மேனேஜர்: லீடர்! எங்கய்யா இருக்க?

லீடர்: உடை மாத்தற ரூம்ல சார். துடைக்கிற ரூம் பொண்ணு ஒருத்தி ஒத்திகைக்கு வராம விட்டுப்போச்சு. சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்.

மேனேஜர்: துடைக்கிற ரூமா? அந்த ரூம்தான்யா ஆபத்து. எதையும் விட்டுடாதே, ஒண்ணு விடாம சொல்லிடு!

லீடர்: நீங்க சொன்னா அப்பீல் ஏது சார்? ஒண்ணு விடாம சொல்லிடறேன்... வெச்சுட்டாரு. கேட்டேல்ல? மேனேஜர் உத்தரவு. இப்ப உன் ரூம் விஷயத்துக்கு வருவோம். நீலக் கேன் எங்க இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ?

முகமூடி: எந்த நீலக் கேன்?

லீடர்: சபாஷ்! அப்படித்தான் சொல்லணும். அந்த மருந்து ஜில்லுன்னு இருக்கும், துடைச்ச உடனே காஞ்சுடும். முன்ன ஒரு மருந்து இருந்துச்சு, அது மெதுவாத்தான் காயும். புது போன் வெளியில வர்ற தேதி நெருங்குதுன்னு இதுக்கு மாத்திட்டாங்க. நாளைக்கு உங்க மேஜையில பழைய மருந்துதான் இருக்கும்.

முகமூடி: நீலக் கேன் எல்லாம்?

லீடர்: அதைத்தான் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால, தார்ப்பாய்க்கு அடியில இருக்கு. அந்த அம்மாவோட நடக்கும்போது மறந்துபோய் இடது பக்கம் திரும்பிடாதே. திரும்பினா நேரா அதுதான். தார்ப்பாயோட முடிச்சு வேற லூசு. சும்மா இழுத்தாலே அவுந்துடும். இழுக்காதே.

முகமூடி: இழுக்க மாட்டேண்ணே. இடது பக்கம்தானே?

லீடர்: இடது பக்கம்தான். திரும்பாதே. அப்புறம், மேல காத்து இழுக்கற ஃபேன் இருக்குல்ல? அதை ஆராயாதே.

முகமூடி: ஏன், ஓடாதா?

லீடர்: நேத்துதான் பெயின்ட் அடிச்சாங்க. பாக்க ஜோரா இருக்கும். வயர்தான் கிடையாது.

முகமூடி: அப்ப அந்த மருந்து வாசனை எங்கண்ணே போகும்?

லீடர்: எங்க போகும்? மூக்குக்குள்ளதான். போன் வாங்கறவன் கண்ணாடியில ஒரு கை ரேகை பட்டிருந்தா திருப்பி அனுப்பிடுவான். துடைக்கிறவ கையில ரேகையே இல்லாம போனாலும் பரவாயில்லையாம். நாலு கேமராவாம் அந்தப் போன்ல! நாலுல ஒண்ணாவது இந்த ரூமைப் படம் எடுத்திருக்கா?

முகமூடி: அண்ணே... இது ஒத்திகையில உண்டா?

லீடர்: இல்ல, இல்ல. இது என் வயித்தெரிச்சல். நாளைக்கு சொல்லிடாதே.

முகமூடி: ஜன்னல் ஓரத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கே, அதைப் பத்திக் கேட்டா?

லீடர்: லீவுன்னு சொல்லு.

முகமூடி: நெஜமா?

லீடர்: லீவுதான். விரல் பத்தும் லீவுல போயிடுச்சு. முதல்ல ஊசி குத்தற மாதிரி இருக்குன்னா. எறும்பு கடிச்சிருக்கும்னு சொன்னோம். அப்புறம் மரத்துப்போச்சு. இப்ப புள்ளைக்கு சட்டைப் பொத்தான் போட முடியல. சூடு தெரியாம டீ டம்ளரைப் பிடிச்சு கை பொத்துப்போச்சு.

முகமூடி: டாக்டர் பாத்தாங்களா?

லீடர்: கம்பெனி டாக்டர் பாத்தாரு. சத்துக் குறைவாம். நல்லா சாப்பிடணுமாம். ஸ்பூனைப் பிடிக்க முடிஞ்சா சாப்பிட மாட்டாளா? அவளுக்குத் தலை பின்னி விடறதுகூட அவ புருஷன்தான். பின்னலா அது? கோணக்கால் மாதிரி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும்.

முகமூடி: பாவம்ணே...

லீடர்: கண்ணால சிரின்னேன்ல? இது என்ன, தண்ணியா? நாளைக்கு இப்படி நின்ன, நான் தொலைஞ்சேன்.

முகமூடி: இன்னும் யாருக்கெல்லாம் இப்படி...?

லீடர்: இப்ப பக்கத்து ரெண்டு பேருக்கும் ஆரம்பிச்சிருக்கு. வெளிய சொன்னா வேலை போயிடும்னு பயம். நாளைக்கு அவங்களுக்கு லீவு குடுத்துட்டாங்க. கேட் பக்கத்துல இருக்கற ஹாஸ்டல்ல, மாடியில கடைசி ரூம்லதான் இருப்பாங்க. அந்த அம்மாவை அங்க மட்டும் கூட்டிட்டுப் போயிடாதே.

முகமூடி: மாடியில... கடைசி ரூம்.

லீடர்: சமத்து. கற்பூரம் மாதிரி பிடிச்சுக்கற.

முகமூடி: அண்ணே... ஒரு நிமிஷம். இந்த முகமூடியைக் கழட்டிடறேன். மூச்சு முட்டுது.

லீடர்: கழட்டு, கழட்டு.

முகமூடி: நாளைக்கு வரப்போறதா சொன்னீங்களே ஒரு அம்மா... அது நான்தான். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேன். வேலைக்கு வர்றவங்க கூட்டத்தோட உள்ள நுழைஞ்சு, உறையை மாட்டிக்கிட்டேன்.

லீடர்: ஐயோ! ஐயையோ! மோசம் போயிட்டேனே! என் வாயில மண்ணு விழுந்துச்சே!

முகமூடி: பதறாதீங்கண்ணே, உங்களை நான்...

லீடர்: பதறல மேடம். மேனேஜர் விசாரிச்சா, "அவர் ரொம்பப் பதறிட்டார்"னு நீங்க சொல்லணும்ல? அதுக்கு ஒரு ஒத்திகை பாத்தேன். சரியா வந்துச்சா?

முகமூடி: அப்படின்னா... தெரிஞ்சேதான் எல்லாத்தையும் சொன்னீங்களா? எப்பலேர்ந்து தெரியும்?

லீடர்: குண்டூசியிலேர்ந்து. முழிச்ச முழியிலயே சந்தேகம். அதான் வேணும்னே கீழ போட்டேன். ஒரே எடுப்புல எடுத்துட்டீங்க. அந்த ரூம்ல ஏழு மாசம் இருந்த கையால அது ஆகாது மேடம்.

முகமூடி: நான் இதையெல்லாம் எழுதினா முதல்ல உங்க வேலைதான் போகும். அது தெரிஞ்சும் ஏண்ணே துணிஞ்சீங்க? அந்த ஜன்னலோர நாற்காலிக்காரங்க உங்களுக்கு என்ன வேணும்?

லீடர்: வீட்டுக்காரி, மேடம்... தினமும் காலையில நான்தான் பின்னி விடறேன். எவ்வளவு இழுத்துப் பின்னினாலும் நேரா வர மாட்டேங்குது.