மூஞ்சியில்லாத கல்

ரொம்ப முந்தி, பர்மாவுல சண்டை நடந்த காலம். சேத்துவாண்டைன்னு ஒரு ஊரு. அதுல செங்கேணின்னு ஒருத்தி. எங்க தாத்தாவோட தங்கச்சி.

அவ அண்ணன் தாண்டவராயன் பட்டாளத்துக்குப் போனான். துப்பாக்கி தூக்க இல்லை. மலை மேல குண்டுப் பெட்டி சுமக்கிற கோவேறு கழுதையை ஓட்ட. போனவன் போனவன்தான். அங்கேயே செத்தான்.

அவன் அனுப்பினதையெல்லாம் செங்கேணி ஒரு ஏடாக்கினா. பழைய புடவையைக் கிழிச்சா, அடுக்கித் தைச்சா, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டினா. சட்டைப் பொத்தான். பிஸ்கோத்துப் பெட்டிக் காகிதம். கழுதை வால் மயிர் ஒரு கொத்து. நடுவுல படம்: அவனும் கழுதையும். அவன் மூஞ்சி இருந்த படம் அது ஒண்ணுதான்.

அந்த ஊருக்கு ஒரு மணியக்காரன். பெரிய மனுசனாம். தூ! அவன் மகன் வரதனும் பட்டாளத்துல சேர்ந்தவன்தான். கப்பலைப் பார்த்ததும் பேதி புடுங்கி ஓடியாந்துட்டான்னு சொல்வாங்க.

சண்டைக்குப் போனவங்களுக்கு நிலம் குடுக்க துரை வர்றான்னு சேதி வந்துது. மணியக்காரன் செங்கேணி வாசல்ல வந்து நின்னான்.

"அம்மாடி, அந்த ஏட்டைக் குடு. உங்கண்ணன் பெருமையைத் துரைக்குக் காட்டிட்டுத் தந்துடறேன்."

நம்பினா. குடுத்தா.

சாவடியில கூட்டம். மணியக்காரன் பக்கத்துல வரதன். துரை ஏட்டைப் பிரிச்சான். செங்கேணி எட்டிப் பார்த்தா. கழுதை இருக்கு. சட்டை இருக்கு. கழுத்துக்கு மேல வரதன் மூஞ்சி! வெட்டி ஒட்டியிருக்கானுங்க. செத்தவன் உடம்புல ஓடுகாலி தலை.

செங்கேணி கூட்டத்தை விலக்கிட்டுப் போனா.

"துரை, அந்தக் கழுதை பேரு என்னன்னு இவனைக் கேளு."

வரதன் அப்பன் பக்கம் திரும்பினான். மணியக்காரன் பாய்ஞ்சான்: "கழுதைக்கு ஏதுடி பேரு?"

"கூட நடந்தவனுக்குத் தெரியும். பொன்னி. என் அண்ணன் வெச்ச பேரு."

நகத்தால சுரண்டினா. வரதன் மூஞ்சி உரிஞ்சு வந்துது. அடியில ஓட்டை.

"என் அண்ணன் மூஞ்சி எங்கடா?"

வரதன் தலையைக் குனிஞ்சான். "அப்பா... அடுப்புல போட்டுட்டாரு."

துரை எழுந்தான். வரதனுக்கு நிலமும் இல்லை, ஒண்ணும் இல்லை. மணியக்காரன் வேலையும் போச்சுன்னு சொல்வாங்க. போனா என்ன? மூஞ்சி வருமா?

பின்னால எங்க தாத்தா ஊர் எல்லையில கல்லு நட்டாரு. கல்தச்சன் உளியோட நின்னான். "மூஞ்சி எப்படிம்மா இருக்கும்?"

"செதுக்காதே,"ன்னா செங்கேணி. "திருடினது தெரியட்டும்."

அதான் எல்லையில நீ பார்க்கிற கல்லு. கழுதைக்குக் கண்ணு, காது, வாலு எல்லாம் உண்டு. ஆளுக்கு மூஞ்சி இல்லை. எங்க ஊர்ல பட்டாளத்துக்குப் போறவன் கழுதைக்குத்தான் சந்தனம் வெப்பான். மணியக்காரன் வம்சத்துக்காரன் அந்தப் பக்கம் தலையைக் காட்ட மாட்டான்.

இன்னொண்ணு. எந்த வீட்டுப் படமும் எங்க ஊர்ல வாசப்படி தாண்டாது. கலெக்டரே கேட்டாலும் தாண்டாது.

ஏடு உள்ளேதான் இருக்கு. பார்க்கணும்னா செருப்பைக் கழட்டிட்டு வா. கையில தரமாட்டேன்.