கோல்கீப்பருக்காக ஒரு வரி

வாயைத் தொறக்கப்பிடாதாம்! எனக்க வீட்டுல, எனக்க முற்றத்துல, நான் வாயைத் தொறக்கப்பிடாதாம்! கேட்டியா சூடாமணி இந்த அநியாயத்தெ? … நீ துணியை எடு, எடுத்துக்கிட்டே கேளு. மதிலுக்கு அந்தப்பக்கம் நீ கொடியிலருந்து எடு, இந்தப்பக்கம் நின்னு நான் சொல்லுதேன். ரெண்டு வேலையும் நடக்கும்.

யாரு சொன்னாவளா? உபதேசியாரு! ஞானசிகாமணி உபதேசியாரு, எங்க சபையில வேதம் சொல்லிக்குடுக்கவரு, குடை இல்லாம வெளியே எறங்காதவரு, அவரேதான். மத்தியானம் வந்தாரு. காப்பி குடுத்தேன். அச்சப்பம் குடுத்தேன். ரேஷன் சீனியாக்கும், காப்பியில போடாம மிச்சம் பிடிச்சுச் சேத்து வச்சுச் சுட்டது. நல்லா நொறுக்கினாரு. தின்னு முடிச்சு, மீசையைத் தொடச்சுட்டு, பையச் சொல்லுதாரு: "நேசமணியம்மா, இன்னைக்கு கேரல் உங்க வீட்டுக்கும் வரும். ஆனா ஜெபம் நீங்க பண்ண வேண்டாம், நான் பண்ணிக்கிடுதேன். வாலிபர் சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கானுவ." தீர்மானம்! பெரிய சட்டசபை பாரு! அந்தச் சங்கத்துக்கு செகரட்டரி யாருன்னு கேளு. கேளு மோளே! … எனக்க மவன். யோசுவா. நான் பெத்த பிள்ளை எனக்கெதிரா தீர்மானம் போட்டிருக்கான்.

நீ கோட்டைக்குள்ள அக்கிரகாரத்துல வளந்தவ, வீடு கிடைக்காம இந்தத் தெருவுக்கு வந்து பத்து நாளு ஆகல்ல, உனக்கு இதெல்லாம் தெரியாதில்லியா. கிறிஸ்மஸ் வந்தா எங்க சபைப் பிள்ளைங்க பெட்ரோமாக்ஸும் தூக்கிக்கிட்டு, கொட்டு, ஹார்மோனியம் எல்லாமாச் சேந்து வீடுவீடா வந்து பாடும். அதாக்கும் கேரல். பாடி முடிஞ்சா, அந்த வீட்டுல மூத்த ஆளு ஒரு ஜெபம் பண்ணணும். கூட நிக்கவங்க ஆமென் சொல்லணும். … ஆமென்னா? அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். நீ கேட்டது எனக்கும் சம்மதம்னு சொல்லுதது. அவ்வளவுதான். பொறவு பலகாரம், காப்பி, அடுத்த வீடு. யோசுவாக்க அப்பா கண்ணை மூடினதுலருந்து இந்த வீட்டுல அந்த ஜெபம் எனக்குள்ளதாக்கும்.

எனக்க ஜெபம்னா சும்மா இல்ல. பேறுகாலமா, பரீட்சையா, நேசமணியம்மாகிட்டே சொல்லுன்னுதான் சொல்லுவாவ. பொன்முடிக்கு பஸ் ஓட்டுத ராஜையன் இருக்கான் பாரு, அவன் மாசம் ஒருக்கா எனக்க முன்னால வந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பான். அந்த மலையில அத்தனை வளைவும் வளைச்சுத் திருப்பணும் இல்லியா. இன்னைக்குவரை ஒரு பள்ளத்துல விழுந்தானா? … கொறச்சு நீளமா இருக்கும், அது உண்மை. போன வருசம் ஒரு கல்யாண வீட்டுல நான் முடிக்கதுக்குள்ள சாம்பார் ஆறிட்டுன்னானுவ. ஆறினா சூடாக்கணும், அதுக்கு நான் என்ன செய்ய?

எங்க விட்டேன்? … ஆங், காரணம். காரணம் ஃபுட்பாலு! சிரிக்காதே. உருண்டையா ஒரு தோலு, உள்ளே வெறும் காத்து. அதுக்காகத்தான் எனக்கு இந்தக் கதி.

போன ஜூலை கடைசியில லண்டன்ல ஒலிம்பிக்ஸ் நடந்துதே, அதுல நம்ம இந்தியா டீமு பிரான்சுக்காரனோட ஆடினாவ. சுதந்திரம் கிடைச்ச பொறவு மொதல் தடவையாக்கும். நம்ம பிள்ளைங்கள்ல பாதிக்குமேல காலுல பூட்சு கிடையாது, வெறுங்காலு. அதுக்கு முந்தின நாளு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். யோசுவாவும் அவனுக்க கூட்டாளிமாரும் ஜெபக்கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில இருக்கானுவ. குளிச்சு, தலை சீவி! பயலுவ மனந்திரும்பிட்டானுவன்னு நான் அங்கேயே ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். பாத்தா, "அம்மா, நாளைக்கு இந்தியா ஜெயிக்கணும், ஜெபம் பண்ணு"ங்கான்.

பண்ணினேன். ஒரு குறையும் வைக்கல்ல. பிள்ளைங்க காலுல கல்லு குத்தப்பிடாது. அந்த ஊரு குளிருல சளி பிடிக்கப்பிடாது. அவனுவ போடுத சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கிடணும். நம்ம புதுக்கொடி அத்தனை நாட்டுக்காரன் முன்னால நிமிந்து நிக்கணும். பயலுவ ஒவ்வொண்ணுக்கும் ஆமென் போட்டானுவ பாரு, மேலே ஓடு பறந்துரும்போல! எனக்கும் உற்சாகம் வந்துட்டு. அப்போ… கண்ணை மூடியிருக்கேன் இல்லியா… கண்ணுக்குள்ளே அந்தப் பிரான்சுக்கார கோல்கீப்பர் வந்து நின்னுட்டான். நான் கூப்பிடல்ல மோளே, அவனாத்தான் வந்தான். ரெண்டு கம்புக்கு நடுவுல, ஒத்தையில. நானும், "ஆண்டவரே, அந்தக் கோல்கீப்பரும் ஒரு தள்ளை பெத்த பிள்ளைதானே, அவன் வெக்கப்பட்டு வீட்டுக்குப் போகாதபடிக்கு அவன் கைக்கும் பெலன் குடும்"னு சொல்லிப்புட்டேன்.

ஒரு வரி! அவ்வளவு நீள ஜெபத்துல ஒரே ஒரு வரி! அதுக்கு மட்டும் ஒருத்தனும் ஆமென் சொல்லல்ல. உபதேசியாரு சொன்னாரு, அவரு பாதி உறக்கத்துல சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்கதுக்குள்ள செய்தி வந்துட்டு. ரெண்டுக்கு ஒண்ணு, பிரான்சு ஜெயிச்சாச்சு. செரி, வெளையாட்டுன்னா ஒருத்தன் தோக்கத்தான் செய்வான். ஆனா நமக்கு ரெண்டு பெனால்டி கிடைச்சுதாம். பெனால்டின்னா, கோல்கீப்பர் ஒருத்தன் மட்டும் நிப்பான், வேற ஒருத்தனும் குறுக்கே வரப்பிடாது, நம்மாளு நேரா பாத்து அடிக்கலாம். ரெண்டும் கோலாகல்ல. ரெண்டும்! பாட்டுப் புஸ்தகத்தை விரிச்சுக்கிட்டு சபையே திரும்பி என்னைப் பாக்குது. நான் என்னமோ லண்டனுக்குக் கப்பலேறிப் போயி பந்தைத் தட்டி விட்டது மாதிரி!

எனக்கும் ஆண்டவருமேல வருத்தம் உண்டு, கேட்டுக்கோ. எனக்க முட்டுவலிக்கு எத்தனை வருசமா கேக்கேன், காதுல போட்டுக்கிட்டாரா? தெக்கு மூலையில நிக்க தென்னையில குரும்பை உதிருது, கேட்டேன், போட்டுக்கிட்டாரா? கோல்கீப்பருக்குச் சொன்ன அந்த ஒத்த வரியை மட்டும் கையோட எடுத்துக்கிட்டாரு. அவருக்கும் ஒரு ஞாயம் வேண்டாமா?

… நில்லு, நில்லு, அடுப்புல என்ன வச்சிருக்கே? குழம்புதானே, கொதிக்கட்டும்.

ஏன் அப்படிக் கேட்டேன்னு ஒருத்தனும் கேக்கல்ல பாத்தியா. நாட்டுக்குத் துரோகம்ங்கான் யோசுவா. நான் துரோகியாம்! சத்துருவையும் நேசிக்கணும்னு இவனுக்கு யாரு சொல்லிக்குடுத்தா, ஓய்வுநாள் பள்ளிக்கு இவனைத் தூக்கிக்கிட்டுப் போனதே நான்லா! செரி, அது வேதம். அதையும் விடு. உனக்கு நான் உள்ளதைச் சொல்லுதேன். இந்த யோசுவா காலேஜுல கோல்கீப்பராக்கும். ஒருக்கா மேட்சு பாக்க நானும் போனேன். அன்னைக்குப் பந்து இவனுக்க கையில வந்து, கைக்கிடையில நழுவிப் போயிட்டு. சுத்தி நின்னவன் எல்லாம் இவனுக்க தள்ளையைச் சேத்து ஏசினானுவ. தள்ளை நான் அங்கேதான் குடையும் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்! அவன் என்னைப் பாத்தான். அந்தப் பார்வை… பொறவு வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம்னு சுவரைப் பாத்துக் கிடந்தான். மத்தவன் தப்பு பண்ணினா ஓடி ஒளிஞ்சுக்கிடலாம். கோல்கீப்பர் எங்கே போவான்? பிரான்சுலயும் ஒருத்தி இருப்பா இல்லியா மோளே, அவளும் இப்படிக் குடையும் பிடிச்சுக்கிட்டு நிப்பா இல்லியா. அவளை எனக்கு நல்லாத் தெரியும்போல இருந்துது. அதனாலதான் கேட்டேன்.

அதுக்கு இவன் எனக்கு என்ன தண்டனை குடுத்திருக்கான் தெரியுமா? தீர்மானம் இப்போ வந்தது. அன்னையிலருந்தே எனக்க ஜெபத்துக்கு இவன் ஆமென் சொல்லுதது இல்ல. அஞ்சு மாசம்! கண்ணை மூடுவான், கையைக் கூப்புவான், எல்லாம் மரியாதையாத்தான். நான் முடிச்சுட்டு நிப்பேன்… ஒரு சத்தமும் வராது. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அவன் சொல்லாட்டா வேற யாரு சொல்ல? அவனுக்குச் சம்மதமில்லாம நான் யாருக்காகக் கேக்கேன், எல்லாம் அவனுக்காகத்தானே கேக்கேன்? … எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது சூடாமணி, உள்ளதைச் சொன்னேன்.

… அய்யோ, கொட்டுச் சத்தம்! நம்ம தெருவுல திரும்பிட்டானுவ. வரட்டும், எனக்கென்ன! கதவைச் சாத்திட்டு உள்ளே இருந்துருவேன். அந்தப்பக்கமிருந்து கொஞ்சம் பாரு மோளே, வாசல்ல கட்டின கிறிஸ்மஸ் நட்சத்திரத்துல விளக்கு எரியுதா? … எரியுதா. செரி. எரியட்டும், எனக்கென்ன. முற்றத்தைப் பெருக்கினதுகூட இவனுவளுக்காக இல்ல, கோழி அசிங்கம் பண்ணிட்டு, அதனால பெருக்கினேன். … சேலை நல்லா இருக்கா?

வாங்க மக்களே, வாங்க, வாங்க. பாய் விரிச்சிருக்கு. பெட்ரோமாக்ஸை நட்சத்திரத்துக்குக் கீழே வைக்காதீங்கலே, காகிதமாக்கும்!

… நல்லாத்தான் பாடுதானுவ இல்லியா? அந்த ஹார்மோனியம் ஒரு அடி பின்னாலயே வருது. சவம், அது போன வருசமும் அப்படித்தான். … நீ போகாதே, மதிலுகிட்டேயே நில்லு. எனக்கு ஒரு தைரியம்.

முடிஞ்சுட்டு. செரி உபதேசியாரே, ஆரம்பியும். நான் வாயைத் தொறக்கல்ல. … என்ன? … யாரு, யோசுவாவா? என்னலே? நேரா எனக்க முகத்தைப் பாத்துச் சொல்லு. … நான் பண்ணணுமா? அப்போ தீர்மானம்? … "அதை விடும்மா"வா! ஏன், என்ன திடீர்னு? … கிறிஸ்மஸ் கழிஞ்சு திங்கக்கிழமை மேட்சா. யாரோட? … கோட்டைக்குள்ள டீமோடயா. நம்ம பக்கம் கோல்கீப்பர் யாரு? … நீயா! ஓஹோ! ஓஹோஹோ! கேட்டியா சூடாமணி, "அன்னைக்குக் கேட்ட மாதிரியே எனக்கும் கேளும்மா"ங்கான்! பிரான்சுக்காரனுக்குக் கேட்டா துரோகம், இவனுக்குக் கேட்டா பக்தி!

நீ ஏன் மோளே முழிக்கே? … என்ன? கோட்டைக்குள்ள டீமுல யாரு? … உனக்க மாப்பிள்ளையா? சேஷனா? … முன்னால நின்னு கோலடிக்கவனா! எனக்க ஏசுவே! அதை இவ்வளவு நேரமாச் சொல்லாம நின்னியே! … நான் எங்க சொல்ல விட்டேன், அதுவும் செரிதான்.

செரி, எல்லாரும் கண்ணை மூடுங்க. உபதேசியாரே, பலகாரத் தட்டைப் பாக்காம மூடும்.

பரலோகத்தில் இருக்கிற எங்கள் அன்பின் தகப்பனே, உமக்கு ஸ்தோத்திரம். எங்களுக்காக மாட்டுக்கொட்டிலில் வந்து பிறந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். வெறுங்காலோடே கடல் தாண்டிப் போய் ஆடின எங்கள் பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம். தோற்றாலும் அவர்கள் எங்கள் பிள்ளைகள், அடுத்த தடவை நீர் பார்த்துக்கொள்ளும். தகப்பனே, அடியாளுடைய மகன் யோசுவா திங்கட்கிழமை கோல்கம்புக்கு நடுவே நிற்பான். அவன் கைக்குப் பெலன் தாரும். யாரும் அவனை ஏசப்பிடாது. அவன் பசியோடே சுவரைப் பார்த்துப் படுக்கப்பிடாது. பின்னெ, தகப்பனே… அடுத்த வீட்டு சேஷனும்… மூக்கால சீறாதே யோசுவா, ஜெபம் நடக்குது… சேஷனும் நல்ல பிள்ளை ஆண்டவரே, அவன் காலுக்கும் பெலன் தாரும். அவனுக்காகவும் வீட்டில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அவன் நல்லா அடிக்கட்டும், இவன் நல்லா பிடிக்கட்டும். அது எப்படி முடியும்னு என்கிட்டே கேட்காதேயும், அது உம்முடைய பாடு. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே…

…

ஒருத்தனும் இல்லியா? … செரி. நான் கண்ணைத் தொறக்க மாட்டேன். இப்படியே நிப்பேன். இவனுவ அடுத்துப் போக வேண்டிய வீட்டுல காப்பி ஆறட்டும்.

…

யாரு? யாரு ஆமென் சொன்னது? பொம்பளைச் சத்தம்லா அது… மதிலுகிட்டேயிருந்து… சூடாமணியா? எனக்க மோளே! … கேட்டியாலே யோசுவா? ஆமென்ங்க வார்த்தைக்கு இன்னைக்குச் சாயங்காலம்தான் அர்த்தம் தெரிஞ்ச பிள்ளை, அவ சொல்லிட்டா. அவளுக்க மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்லல்லலே, உனக்கும் சேத்துச் சொல்லியிருக்கா.

…

ஆ. … இன்னொருக்கா சொல்லு மக்கா. மத்தவனுவளும் கூடவே சொல்லிட்டானுவ, உனக்க சத்தம் தனியாக் கேக்கல்ல.

… கேட்டுது. இப்போ கேட்டுது. அஞ்சு மாசம் ஆச்சுலே.

போ, தட்டை எடு. முந்திரிக்கொத்துல முட்டை கிடையாது, மொதல்ல மதிலுக்கு அந்தப்பக்கம் குடு.