நாலு நாளைக்கு ஒரு வருஷம்

"அங்க நாலு நாளைக்கு ஒரு வருஷமாம். கேட்டியா இந்தக் கதைய?"

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் மனைவியிடம் கேட்டார். மகளுக்கு வந்த சம்பந்தம் வேண்டாமென்று பையன் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஏறும்போதே தெரிந்துவிட்டது. பையன் பெங்களூரில் நட்சத்திர ஆராய்ச்சி செய்பவனாம்.

"அந்தக் கிரகம் ரொம்பப் பெருசாம். நட்சத்திரத்துக்கு அவ்ளோ கிட்ட சுத்திகினு இருக்குதாம். அதான் ஜல்தியா ஒரு சுத்து முடிஞ்சிடுது," என்றார் அந்த அம்மாள்.

"இவன் பாத்தானா?"

"யாருமே பாக்கலியாம். அது இழுக்கறதுல நட்சத்திரம் லேசா ஆடுதாம். அத வச்சிதான் கண்டுபுடிச்சாங்களாம்."

"பாக்காத கிரகத்த இருக்குதுன்றான். வேலயும் சம்பளமும் இருக்குதுன்றதும் அப்டிதானோ என்னமோ."

"அந்தக் கிரகம் என்னா கலருன்னு கேட்டீங்களே, என்னா சொன்னான்?"

"தெரியாதுங்கன்னான்."

"இதுவரைக்கும் வந்தவங்கள்ல ஒருத்தனாச்சும் தெரியாதுன்னு சொன்னானா? போன தபா வந்தவன் வேல போனதையே நம்மகிட்ட மறைச்சான்."

அவர் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். சேத்துப்பட்டு நெருங்கியபோது சொன்னார்.

"எறங்கினதும் பூவும் பழமும் வாங்கு. வெறுங்கையோட போனா நல்லாருக்காது."

அந்த அம்மாள் சட்டென்று அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"சிரிக்காத. பெங்களூர் போயி அந்த ஆபீஸ என் கண்ணால பாத்துட்டுதான் கல்யாணத் தேதி வெப்பேன்."