சூர் வரைக்கும் நாலு நாள்

— அப்ப மஸ்கட்டில அவரைத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை?

— ஒருத்தரும் இல்லை அண்ணி. முப்பத்தேழு வருசம். அண்ணையைக் கூப்பிட்ட கொம்பனியே இப்ப இல்லை. அந்த இடத்தில ஒரு பெரிய மோல் நிக்குது.

— தேத்தண்ணி ஆறுது, குடிச்சுக்கொண்டு சொல்லும். ஹீத்ரோவில இறங்கி வீட்டையும் போகாமல் பெட்டியோட செவன் கிங்ஸுக்கு வந்து நிக்கிறீர். சுசிலா ஏசமாட்டாளோ?

— அவதான் சொன்னவ, முதல்ல அண்ணியிட்டைப் போங்கோ எண்டு. என்னண்டால் அண்ணி, இது ஃபோனில சொல்லுற கதை இல்லை.

— சரி. பிறகு?

— பிறகு ஒரு ஜீப் பிடிச்சன். சாலிம் எண்டு ஒரு அரபுக்காரன் ட்ரைவர், என்ர வயசுதான். நிஸ்வாவுக்குப் போவம் எண்டன். அண்ணை தொண்ணூறில எங்கட அம்மாவுக்குப் போட்ட ஒரே ஒரு கடிதத்தில அந்தப் பேர்தானே இருந்தது? பேரீச்சந்தோட்டத்துத் தண்ணிப் பம்ப் திருத்துறன் எண்டு.

— ஓம். அதிலதான் இருந்தது.

— அது மலையடிவாரம் அண்ணி. சுத்திவரக் கல்லும் புழுதியும். நடுவில மட்டும் கண் கூசிற மாதிரிப் பச்சை, அவ்வளவும் பேரீச்சை. மரத்துக்கு மரம் சின்னச் சின்ன வாய்க்காலில தண்ணி ஓடுது. தோட்டம் தோட்டமா படத்தைக் காட்டிக்கொண்டு நடந்தன். ரெண்டு முழங்காலும் வீங்கிப்போச்சு.

— நான் போகவேண்டாம் எண்டுதானே சொன்னனான்.

— கம்சிகா கேட்டவள். முப்பத்தெட்டு வயசுப் பிள்ளை வந்து, ‘சித்தப்பா, என்ர அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்டாவது பாத்துச் சொல்லுங்கோ’ எண்டால் மாட்டன் எண்டு சொல்ல ஏலுமோ?

— அவளுக்கு அப்பா எண்டால் ஒரு ஃபோட்டோ. அவள் கேப்பாள்தான். சரி, சொல்லும்.

— ஒரு கிழவன் படத்தைப் பாத்த உடன ‘தில்லா! தில்லா!’ எண்டுது. தில்லையம்பலம் எண்டு முழுக்கச் சொல்ல அவைக்கு வாய் வராதாக்கும். ரெண்டு வருசம் அந்தத் தோட்டத்துப் பம்பை அண்ணைதான் பாத்தவராம். பிறகு கடற்கரைக்குப் போட்டாராம், சூர் எண்ட ஊருக்கு. மீன்பிடி போட் எஞ்சின் திருத்திற வேலை.

— உமக்குப் பேரீச்சம்பழம் தந்தவையோ?

— தந்தவை, பெட்டிக்குள்ள கிடக்கு. ஏன் அண்ணி, உங்களுக்கு இதைக் கேக்க விருப்பமில்லையோ?

— கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன். காலமை கேர் ஹோமில அஞ்சு பேரைக் குளிக்க வாத்துப்போட்டு வந்தனான், கண் எரியுது. நீர் சொல்லும்.

— சூருக்கு நல்ல தார் றோட் இருக்கு. நான்தான் மணலுக்குள்ளால போவம் எண்டு நிண்டன். அந்தக் காலத்தில அண்ணை அப்பிடித்தான் போயிருப்பார் எண்டு ஒரு நினைப்பு. சாலிம் டயரில காத்தைக் குறைச்சுப்போட்டு ஏத்தினான். ஒரு மணல்மேடு ஏறி இறங்கினால் அங்கால இன்னொண்டு, அவ்வளவுதான். நடுவில ஜீப் புதைஞ்சுபோச்சு. ரெண்டு மணித்தியாலம் வெயிலுக்குள்ள ரெண்டுபேரும் கையால மணலை வாரினம். அப்ப நினைச்சன், ஒரு தமிழ்ச் சொல்லுக் கதைக்க ஆளில்லாமல் இந்த மனிசன் இதுக்குள்ள என்ன பாடுபட்டிருக்கும் எண்டு.

— அழுதனீரோ?

— அழுதனான். சாலிம் பாக்காத மாதிரித் தண்ணிப் போத்திலை நீட்டினான்.

— ம். பிறகு?

— மணல் முடிய, கொஞ்சம் போக, சடாரெண்டு கடல். வெள்ளை வெள்ளை வீடுகள், மரத்தில கட்டின பழைய கப்பல்கள். அங்கை தேத்தண்ணிக்கடை வச்சிருக்கிற ஒரு மலையாளி, குஞ்ஞுமுகமது எண்டு பேர். அண்ணையோட ஒரே அறையில பதினஞ்சு வருசம் இருந்தவராம். படத்தைக் கையில வாங்கினவர், அப்பிடியே கடைக்கு முன்னால கிடந்த வாங்கில குந்திட்டார்.

— இல்லையாக்கும்.

— இல்லை அண்ணி. ரெண்டாயிரத்தேழில. நெஞ்சு நோகுது எண்டாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிஞ்சுதாம். ஆருக்கு அறிவிக்கிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. சாம்பலை அந்த மலையாளிதான் கொண்டுவந்து கடலில கரைச்சவர்.

— அப்ப கம்சிகாவின்ர கலியாணக் கார்டில அவற்ற பேரைப் போடேக்கை ஆள் இல்லை.

— இல்லை. இருங்கோ அண்ணி, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்.

— வேண்டாம். இன்னும் இருக்கு, உம்மட முகத்தில தெரியுது. சொல்லி முடியும்.

— என்னண்டால்... அண்ணை உங்களுக்குக் கை நீட்டினவர் எண்டு எனக்குத் தெரியும். நானும் அந்த வீட்டிலதானே இருந்தனான். பாத்துக்கொண்டு நிண்டனான், ஒரு சொல்லுக் கேக்கேல்லை.

— அந்த வீட்டில ஆர்தான் கேட்டது?

— பிழைதான் அண்ணி. இப்ப சொல்லி என்ன. ஆனால் அங்கை அவர் வேற ஆளா இருந்திருக்கிறார். குடியை அடியோட விட்டவராம். மாசத்தில ஒரு வெள்ளிக்கிழமை, வேலை இல்லாத நாள், குந்தியிருந்து கடிதம் எழுதுவாராம். ‘என்ர மனிசிக்கு நான் செய்தது பெரிய பாவம், அதை அவளிட்டைச் சொல்லவேணும்’ எண்டுவாராம். ஏழு வருசம் எழுதினவர். ஒண்டுக்கும் பதில் போகேல்லை.

— அதுக்குப் பிறகு?

— தொண்ணூற்றேழில ஒண்டு, விலாசத்தில ஆளில்லை எண்டு திரும்பிப் போச்சுதாம். நீங்கள் அப்ப பிள்ளையோட லண்டனுக்கு வெளிக்கிட்டிட்டியள். அவருக்கு அது தெரியுமோ? ரெண்டுபேரும் ஷெல் விழுந்து செத்துப்போனியள் எண்டு நினைச்சிட்டார். அண்டைக்கே மொட்டையடிச்சு, கடலில போய் முழுகினவராம்.

— எங்களுக்குச் செத்தவீடு நடத்திப்போட்டார்.

— ஓம். எனக்கு எழுதவும் அவரிட்டை விலாசம் இல்லை, நான் ஜெர்மனியில முகாம் முகாமா அலைஞ்சன். பாழாப்போன சண்டை அண்ணி, அம்மாவுக்கு வந்த அந்த ஒண்டுக்குப் பிறகு ஒரு மனிசன்ர கடிதத்தைக்கூட உள்ள விடேல்லை! ஒண்டே ஒண்டு உங்கட கையில கிடைச்சிருந்தால் இந்தக் குடும்பம் இப்பிடிப் போயிருக்குமோ?

— சண்டையை ஏன் இழுக்கிறீர்?

— வேற எதைச் சொல்ல? சரி, விடுவம். வாற ஞாயிறு அவற்ற ஆத்மசாந்திக்கு அந்தியேட்டியைச் செய்வம். மனோர் பார்க் கோயில் ஐயரிட்டைக் கேக்கிறன். சனமும் வரும். உங்களை எல்லாரும் எவ்வளவு பெரிசாக் கதைக்கிறவை தெரியுமோ? ஒரு சொல்லும் இல்லாமல் போன மனிசனுக்காக இவ்வளவு காலம் காத்திருந்த பொம்பிளை எண்டு.

— நான் ஒருத்தருக்காகவும் காத்திருக்கேல்லை தம்பி. வேலைக்குப் போனன், பிள்ளையை வளத்தன், படுத்தன், எழும்பினன்.

— களைச்சுப்போனியள் அண்ணி. அதுதான் இப்பிடிக் கதைக்கிறியள்.

— களைச்சுத்தான் போனன். பாவம், பாவம் எண்டு எல்லாரும் சொல்லக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனன். நீர் அந்த வெயிலுக்குள்ள கிடந்து மணல் வாரி, அவருக்காக அழுதுபோட்டு வந்திருக்கிறீர். உம்மை இனியும் ஏமாத்த எனக்கு ஏலாது.

— என்ன கதை இது? நீங்கள் என்னை என்ன ஏமாத்தினது?

— கடிதம் எல்லாம் வந்தது தம்பி. மாசக்கணக்கில பிந்தினாலும் வந்தது. நான்தான் ஒண்டையும் உடைச்சுப் பாக்கேல்லை.