பதினோராவது ஷட்டர்

புனேல டீ நல்லாத்தான் இருக்கும் சார். நம்ம பேச்சு பேசத்தான் ஆளு கிடைக்காது. நீங்க களக்காட்டுப் பக்கமா? வாயத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு.

சேரன்மகாதேவில ஊர்க்காரங்க சேந்து கட்டுன ஷாப்பிங் மாலுக்கு வெப்சைட் செஞ்சது நான்தான். இங்க ரூம்ல ஒத்தையில உக்காந்து மூணு மாசம் செஞ்சேன். படத்துல கடையத் தொட்டா ஷட்டர் கடகடன்னு மேல ஏறும். நெசச் சத்தம் சார், அங்கன போன்ல பதிஞ்சு அனுப்பச் சொல்லி வாங்குனேன். ஏறி முடிஞ்சதும் கடைக்காரருக்குப் போன் போயிரும். நம்பரை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அதுதான் அழகுன்னாங்க.

திறப்பு விழாவுக்கு வாரேன்னேன். தலைவர் தில்லைநாயகம் அண்ணாச்சி, "அம்புட்டுத் தூரத்துல இருந்து நீ எதுக்குலே அலையுத? வீடியோ அனுப்புதோம்"னாரு. அனுப்பல.

அந்த வாரந்தான் பதினோராவது கடைக்கு என் நம்பரைப் போட்டேன். அப்பாத்துரை அண்ணாச்சியோட மருந்துக் கடை. துணிக்கடைக்குக் கூப்பிடுதவன் விலையக் கேட்டுட்டு வச்சிருவான். மருந்துக் கடைன்னா முழங்கால் வலியில தொடங்கி மருமக வரைக்கும் பேசுவாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, அண்ணாச்சியக் கூப்பிட்டு, "வெப்சைட் ஆர்டர்"னு இன்னாருக்கு இன்னதுன்னு சொல்லிருவேன். ரெண்டு வருசம், ஒண்ணு தவறுனதில்ல.

போன புதன் மத்தியானம் இசக்கித்தாய்னு ஒரு அக்கா கூப்பிட்டாக.

"ஏய்யா, அவுகளுக்கு இளைப்பு. வாயில வச்சு இழுக்குற மருந்து தீந்துபோச்சு. வெரசாக் குடுத்துவிடுதியா?"

"ஆள் கெளம்பிட்டான்க்கா."

என்னைய ஒருத்தர் ஏய்யான்னு கூப்பிட்டு ஆறு வருசமாச்சு.

கால் மணி நேரத்துல மறுபடி கூப்பிட்டாக. "இன்னும் காணுமே ராசா. எட்டுற தூரந்தான, நானே போயி வாங்கிட்டு வந்துரட்டா?"

"நீங்க போயி, அவன் கதவத் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிட்டான்னா? அவுக பக்கத்துல இருங்கக்கா."

லேசாச் சிரிச்சாக. "அதுவுஞ் சரிதான். நம்ம மால் புள்ள பொய்யா சொல்லும்?"

மூணாந் தடவ கூப்பிட்டப்ப, பின்னால அவரு மூச்சு விசில் மாதிரிக் கேட்டுச்சு. நாலாந் தடவ அது கேக்கல. "வந்துட்டானாய்யா, வந்துட்டானாய்யா"ன்னு அந்த அக்கா குரல் மட்டுந்தான்.

அப்பாத்துரை அண்ணாச்சிய நான் கூப்பிடவே இல்ல. மறந்துட்டேன்னு வாக்குமூலத்துல எழுதிராதீங்க சார், மறக்கல. சொல்லிருந்தா பத்து நிமிசத்துல மருந்து போயிருக்கும். மருந்து போயிட்டா அந்த அக்கா எதுக்கு மறுபடி என்னையக் கூப்பிடப்போறாக?

அவரைக் கொன்னது நான்தான்னு எழுதிக்கோங்க. ஆனா அந்த அக்கா நாலு தடவ கூப்பிட்டப்பயும் மொத மணியிலயே எடுத்திருக்கேன். அதையும் பக்கத்துல எழுதுங்க.

கை வலிச்சாப் பைய எழுதுங்க சார். ஏதாவது விட்டுப்போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து கேளுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல.