பன்னெண்டு பேரும் எதிர்வீட்டு அக்காவும்

"ஹலோ... ஹலோ... ஏஞ்சலு? ஆமா, நான்தான். சொல்லு... ம்... ம்... கேக்குது கேக்குது. கத்தாத, மெதுவாவே பேசு, நல்லாக் கேக்குது."

மெதுவாகப் பேசவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை, சைமன்ராஜுக்குத்தான் இருந்தது. ஃபோன் அவன் வீட்டு ஃபோன் அல்ல. எதிர்க் குவார்ட்டர்ஸில் இருக்கும் தனபாக்கியம் அக்காவுடையது. அந்த நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று மனைவிக்குக் கொடுத்திருந்தான். நிலக்கரி மைன்ஸில் முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக் கதவைக்கூடத் திறக்கவில்லை. 'லண்டன் கால்' என்று அக்கா கேட்டருகே நின்று கைகாட்டினாள். இங்கிலாந்தில் எந்த ஊராக இருந்தாலும் அவளுக்கு அது லண்டன்தான். மண் ஒட்டிய ஷூவை வாசலில் உதறிவிட்டு உள்ளே ஓடிவந்து ரிசீவரை எடுத்திருந்தான். அக்கா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, கூடத்திலேயே தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை ஆரம்பிச்சிட்டாங்களா?... இன்னும் உள்ள கூப்புடலையா... சரி, சரி... என்னா பரீட்சையா? அதான், இன்னிக்கு நீ எழுதறியே அந்தப் பரீட்சை... ஆமா. தனபாக்கியம் அக்கா வூட்லருந்துதான் பேசறேன்... ஆமா, இருக்காங்க... பக்கத்துலதான்."

பரீட்சை எதுவும் இல்லை. பர்மிங்ஹாம் பக்கத்தில் ஒரு ஊரில், முதியவர்கள் இருக்கும் ஒரு நர்ஸிங் ஹோமில் ஏஞ்சலின் நர்ஸாக வேலை பார்த்தாள். போன மாதம் அங்கே ஒரு கிழவியின் மோதிரம் காணாமல் போய், மறுநாள் ஏஞ்சலின் யூனிஃபார்ம் பாக்கெட்டில் இருந்தது. போலீஸ் கேஸாகிவிட்டது. அன்றைக்கு அவள் கோர்ட்டில் நிற்கவேண்டும். கோர்ட் வராந்தாவில் இருக்கும் கார்டு ஃபோனிலிருந்துதான் பேசினாள். இரண்டாயிரமாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம்.

குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாள் கேன்டீனில் பேச்சாகிவிடும், சர்ச்சில் பேச்சாகிவிடும், பள்ளிக்கூடத்தில் மகள் பாப்பாவின் காதுக்குப் போய்விடும். அடிக்கடி ஃபோன் வருகிறதே என்று தனபாக்கியம் கேட்டபோது, ஏதோ பெரிய பரீட்சை எழுதுகிறாள் என்று சொல்லிவைத்தான். சொன்னதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"சரி, அந்த... வாத்தியார் என்னா சொல்றாரு?... அதாம்மா, உனக்குப் பேசறவரு, அந்த வாத்தியாரு... ம்... ம்... ரெண்டு வழியா? நீயே சொல்லணுமா?... சின்ன எடத்துலயே முடிச்சிக்கலாம்... இல்லன்னா... ம்... பெரிய எடம். அங்க பன்னெண்டு பேரா? யாரு, எல்லாரும் பெரிய ஆபீசருங்களா?... இல்லையா. அப்புறம் யாரு?... பஸ் ஓட்டறவங்களா... கடையில வேல செய்யறவங்க... வூட்ல இருக்கற பொம்பளைங்க... ஏஞ்சலு, பஸ் ஓட்டறவரு எப்டி மார்க்கு போடுவாரு?"

அவன் நிஜமாகவே கேட்டான். சின்ன இடத்து மாஜிஸ்ட்ரேட் என்றால் அவனுக்குப் புரிந்தது. படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், ஒரு மட்டுமரியாதை இருக்கும். தெருவில் போகிற பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இவள் திருடியா இல்லையா சொல்லுங்கள் என்று கேட்பார்களாம். அதுவும் அவள் முகத்தைப் பார்த்தே பழகாத பன்னிரண்டு பேரை.

"இல்ல... நான் சொல்றதக் கேளு. கேளு... தெய்வசிகாமணிய கேட்டேன். விருத்தாச்சலத்துல, வக்கீல் ஆபீஸ்ல இருக்காருல்ல... பேரெல்லாம் சொல்லல, யாருக்கோன்ற மாதிரி கேட்டேன். நம்ம நாட்டுலயே அந்தப் பன்னெண்டு பேரு சமாச்சாரத்த எப்பவோ எடுத்துட்டாங்களாம். ஒத்துக்கினு ஃபைன கட்டிட்டு வர்றதுதான் நல்லதுன்னாரு... ஃபீஸு. ஃபீஸ கட்டிட்டு."

வெங்காயம் உரிக்கிற கத்தி ஒரு நொடி நின்று மறுபடி நகர்ந்தது.

"ம்... என்னாது, உங்க ஊர்லயும் எடுக்கப் போறாங்களா? பார்லிமெண்ட்லயா?... ம்... ம்... அட, அப்ப அவங்களே வேணாங்கறாங்க. அரசாங்கமே வேணான்றத நீ ஏன் புடிச்சிகினு தொங்கற?"

ஏஞ்சலின் படபடவென்று சொல்லிக்கொண்டு போனாள். வக்கீல் தனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அந்த நாட்டில் திருட்டு மாதிரியான கேஸ்களில், மாஜிஸ்ட்ரேட்டா, பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியா என்று கேட்டு வாங்கும் உரிமை இதுவரை குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருந்தது. அதை எடுத்துவிட்டு, மாஜிஸ்ட்ரேட்டே முடிவு செய்யட்டும் என்று அரசாங்கம் மசோதா கொண்டுவந்திருந்தது. சில்லறைத் திருட்டுக்கெல்லாம் பன்னிரண்டு பேரை உட்காரவைப்பது வீண் செலவு, வீண் தாமதம் என்றார்கள் ஒரு பக்கத்தார். பெயர் போனால் பிழைப்பே போகிற ஆளுக்கு எந்தத் திருட்டும் சில்லறை இல்லை என்றார்கள் மறு பக்கத்தார். கீழ்ச்சபையில் தேறிவிட்டது, மேல்சபை பாக்கி. இன்றைக்குக் கேட்டால் கிடைக்கும், அடுத்த வருஷம் உங்களை மாதிரி ஒருத்தி வந்தால் கிடைக்குமா தெரியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"ம்... ம்... கறுப்பா இருக்கறவங்கதான் அதிகமா அந்தப் பன்னெண்டு பேர கேக்கறாங்களா? ஏனாம்?... ம்... ஒருத்தர் ரெண்டு பேருன்னா அவங்க மனசுல இருக்கறதுதான்... பன்னெண்டு பேருன்னா எல்லாருக்கும் அதே இருக்காது... சரி. அது சரி. பன்னெண்டுமே வெள்ளக்காரங்களா வந்துட்டா?... தெரியாதா. உனக்கே தெரியாதா... என்னா ஏஞ்சலு, தெரியாம எப்டி போயி..."

ரிசீவரைக் கை மாற்றிக்கொண்டான்.

"பெரிய எடத்துல தோத்துட்டா?... ம்... கூடுதலா குடுப்பாங்களா? உள்ள வச்சிருவாங்களா?... பாத்தியா. பாத்தியா, அதத்தான் சொல்றேன். சின்ன எடத்துலயே தலையாட்டிட்டு வந்துடு... என்னாது? தலையாட்டினா நர்ஸு வேலையே போயிடுமா?... அங்க போனா போவட்டும். வூட்டுக்கு வா. பாப்பா இருக்கு, நான் இருக்கேன். பெர்மனென்ட் சம்பளம் வருது, நாம சாப்புடலையா?"

அவளுக்குப் பின்னால் யாரோ நடக்கிற செருப்பொலி கேட்டது.

ஒரு கேள்வி அவனிடம் இருந்தது. ஒரு மாதமாக அது அவனோடு ஷிஃப்டுக்குப் போய், அவனோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. கடிதத்தில் கேட்க முடியவில்லை, முந்தைய ஃபோன்களிலும் கேட்க வரவில்லை. இப்போது பயத்தில் வாய் தவறி வெளியே வந்துவிட்டது. குரலை இன்னும் தாழ்த்தி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏஞ்சலு... ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காத... அந்தக் கெழவி உம்மேல பாசமா இருக்கும்னு எழுதியிருந்தியே... அதுவா குடுத்துச்சா? குடுத்து, நீ வாங்கி... இல்ல, சும்மா கேட்டேன். சும்மாதான்... ஏஞ்சலு?"

...

"ஏஞ்சலு, லைன்ல இருக்கியா?... இல்லம்மா, நம்பாம இல்ல... ம்... தெரியும், குளிப்பாட்டும்போது கழட்டி வச்சன்னு சொன்ன... ம்... ஆமா... நம்பறேன்னுதான் சொல்றேன்... ம்... ம்னா நம்பறேன்னு அர்த்தம்... எப்டி சத்தமா சொல்றது? இங்க ஆளு இருக்காங்கன்னு சொன்னேன்ல... யாருக்கு பயப்படறேன், நான் ஒன்னும்... ஏஞ்சலு, அழுவாத. அங்க எல்லாரும் பாப்பாங்க."

அவள் அழுதது கொஞ்ச நேரம்தான். அப்புறம் அவள் பேசிய குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. தண்ணீர் வற்றிய குழாய் மாதிரி இருந்தது.

"என்னா?... என்னா சொல்ற?... எடுத்தேன்னே சொல்லிடப் போறியா?... இப்பவே உள்ள போயா?... இரு. இரு இரு இரு. வச்சிடாத."

சற்று முன்புவரை அவன்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒத்துக்கொள், வந்துவிடு. அதையே அவள் வாயால் கேட்டபோது அது வேறாக இருந்தது. எடுக்காத ஒன்றை எடுத்தேன் என்று, அந்நிய ஊரில், எழுந்து நின்று சொல்லப்போகிறாள். கட்டியவனே கேள்வி கேட்டுவிட்டான், இனி யாரிடம் இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பில்தான் சொல்லப்போகிறாள். பிறகு ஆயுசுக்கும் அது அப்படியே இருக்கும். அந்தப் பக்கம் கார்டு தீர்ந்துகொண்டிருக்கும் பீப் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

அவன் சுவரிலிருந்து திரும்பினான். கூடத்தின் நடுவில் நின்று, ஷிஃப்ட்டில் கன்வேயர் சத்தத்துக்கு மேல் கூப்பிடுகிற குரலில் பேசினான்.

"நீ எடுக்கல. கேக்குதா? நீ திருடல. எனக்குத் தெரியும்... கெழவிய குளிப்பாட்டும்போது வெரல் வீங்கியிருந்துச்சி, சோப்பு போட்டு மோதிரத்தக் கழட்டி பாக்கெட்ல போட்ட, பக்கத்து ரூம்ல யாரோ வுழுந்துட்டாங்கன்னு ஓடின, மறந்துட்ட, யூனிஃபார்மோட வூட்டுக்கு வந்துட்ட. அவ்ளோதான் நடந்துச்சி. கோர்ட்ல போயி அதச் சொல்லு... ஆமா, சத்தமாத்தான் சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்."

தனபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். வெங்காயச் சருகு ஒட்டிய கை அப்படியே நின்றது. அவன் பார்வையை விலக்கவில்லை.

"ஆமாங்க்கா. பரீட்சை இல்லீங்க. திருட்டுக் கேசு... கோர்ட்லருந்துதான் பேசறா... என்னாங்க்கா?... ம்... ஏஞ்சலு, இரு, அக்கா ஒன்னு கேக்கறாங்க. அந்தக் கெழவி இப்ப என்னா சொல்லுதுன்னு கேக்கறாங்க... ம்... ஞாபகம் இல்ல, அது தெரியும்... ம்?... என்னாது?... இன்னுமா?... தெனமுமா?"

கிழவிக்கு மோதிரம் ஞாபகமில்லை, மகன் ஞாபகமில்லை. தினமும் யாராவது குளிக்கவைக்க வரும்போது மட்டும் ஏஞ்சலின் எங்கே என்று கேட்கிறாளாம். கூட வேலை பார்க்கிற பெண் அதைக் கோர்ட்டில் வந்து சொல்லத் தயாராக இருக்கிறாளாம். ஒரு மாதமாக அவன் வக்கீலைப் பற்றிக் கேட்டான், தண்டனையைப் பற்றிக் கேட்டான், யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டான். இதைக் கேட்கத் தோன்றவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு முதலில் தோன்றியது இதுதான்.

"அக்கா, இன்னும் இவளத்தான் கேக்குதாம்... ம்... ஏஞ்சலு, அக்கா சொல்றாங்க, அத மொதல்ல சொல்லச் சொல்லு, சட்டமெல்லாம் அப்புறம்னு... ஆமா, அவங்கதான்... சிரிக்கறியா? சரி, சிரி."

பீப் சத்தம் நெருங்கி வந்தது.

"ஏஞ்சலு, இங்க பாரு. பன்னெண்டு பேர கேளு. கேட்டு வாங்கு... ம், நான்தான் சொல்றேன்... அதுல யாராவது ஒருத்தருக்கு அக்கா கேட்ட மாதிரி கேக்கத் தோணும். பஸ் ஓட்டறவருக்குத் தோணுதோ, கடைக்காரிக்குத் தோணுதோ... இல்ல, பயம் போவல. பயமாத்தான் இருக்கு எனக்கு... உனக்குமா... ம்... கேசு முடிய எத்தன மாசம் ஆவும்?... ஆவட்டும். இருப்போம்... கூப்புடறாங்களா? போ, போ. ஸ்வெட்டர் போட்டுகினியா?... ம். முடிஞ்சதும் கூப்புடு. இங்க நாலு மணிக்குன்னா நான் பாப்பாவ கூட்டியாரப் போயிருப்பேன், அக்காதான் எடுப்பாங்க... அவங்ககிட்டயே சொல்லிடு. முழுசா சொல்லு, எதையும் மறைக்காத... ம்... சரி. சரிம்மா. வை."

அவள் வைத்துவிட்டாள்.